ஆசிய விளையாட்டு விழாவும் அழைப்பின் உரிமையும்

ஆடி மாதத்திலே செட்டியார் தெருவிலிருந்து புறப்படும் வேல் இரதம் காலி வீதி வழியாகப் பம்பலப்பிட்டிக்கும் வெள்ளவத்தைக்கும் வந்து சேரும் காட்சியைக் கொழும்புத் தமிழர் பல தலைமுறையாகக் கண்டு வந்துள்ளனர். காண்பார் கண்ணுக்கு இரதமும் வேலுமே தோன்றும். இரதம் எச்சந்தியில் எவ்வளவு நேரம் தரித்து நிற்கும், தண்ணீர்ப் பந்தல் இடுவோர் யாவர், பொலிசாரிடம் அநுமதி பெறுவார் யார், வரவு செலவைக் குறித்து வைப்பார் யார் என எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே. விழா இனிது நிறைவேறின் அவர்தம் பெயரை எவரும் கேட்பதில்லை. அவர்களுக்குள்ளே பிணக்கு மூண்டுவிட்டாலோ, அவ்வாண்டு முழுவதும் ஊரார் பேச்சு அப்பிணக்கைப் பற்றியதாகவே இருக்கும்.

திருவிழாவைக் கொண்டு இக்கட்டுரையைத் தொடங்கியதற்குக் காரணம் உண்டு. கோயிலுக்குப் பரிபாலன சபை உளது; ஒவ்வொரு நாள் திருவிழாவுக்கும் உபயகாரர் உளர். மேளம், சாத்துப்படி, அன்னதானம் முதலியவற்றுக்குப் பொருள் கொடுப்பவர் உபயகாரரே. அந்நாள் அவருடைய நாள் என்றே சொல்லப்படும். ஆயினும், இன்னார் வாயிலுள் வரலாம், இன்னார் வரலாகாது என விதிக்கும் அதிகாரம் பொருள் கொடுத்த காரணத்தால் அவருக்கு வந்துவிடாது. (பரிபாலன சபையாருக்குத்தானும் அவ்வதிகாரம் உண்டோ என்பது ஆலயப் பிரவேச வரலாற்றில் நம்மவர் எதிர்கொண்ட வேறொரு பெரிய வினா, அதனை ஈண்டு விடுவாம்.) சர்வதேச விளையாட்டு விழாவின் அமைப்பும் இத்தகையதே. விழாவின் விதிகளுக்கும் பெயருக்கும் உரியது நாடுகள் பல கூடிய சம்மேளனம். அரங்கு கட்டி, உணவும் உறையுளும் தந்து, பணத்தைச் செலவிட்டு விழாவை நடத்துவது அவ்வப்போது ஓரூரில் அமையும் அமைப்புக் குழு. முன்னையது பரிபாலன சபை; பின்னையது உபயகாரர். ஆசியக் கண்டத்தில் இவ்விருவர்க்கும் இடையே அழைப்போலையின் உரிமை யாருடையது என்ற வினா மீண்டும் மீண்டும் எழுந்துள்ளது. அதன் வரலாற்றைச் சிறிது ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆசியாவிலே பல நாடுகள் கூடி விளையாடும் வழக்கம் 1913ஆம் ஆண்டில் மணிலா நகரிலே தோன்றியது. வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தைச் சார்ந்த எல்வுட் பிறவுண் என்னும் அமெரிக்கர் அதற்குக் காரணராயிருந்தார். பிலிப்பைன்ஸ், சீனா, யப்பான் என்னும் மூன்று நாடுகளே அதன் தூண்கள். 1930இல் டோக்கியோவில் நடந்தபோது இந்திய வீரர் சிலரும் பங்குபற்றினர். அவ்விழா அழிந்த வகைதான் நம் ஆராய்ச்சிக்கு உரியது. யப்பான் 1932இல் மஞ்சூரியாவிலே தன் கைப்பாவையாக மஞ்சுகோ என்னும் அரசை நிறுவிற்று. அவ்வரசையும் விழாவுக்கு அழைத்தல் வேண்டும் என யப்பான் வற்புறுத்த, தன் நிலத்தைப் பறித்தவன் செய்து வைத்த பொம்மையோடு ஒரே மைதானத்தில் நிற்கச் சீனா மறுத்தது. 1934ஆம் ஆண்டு மணிலா விழாவே இறுதி விழாவாயிற்று. இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தழைத்த சம்மேளனம் ஓர் அழைப்பின் பொருட்டுக் கலைந்தது.

அதே 1934ஆம் ஆண்டிலே தில்லியிலும் பட்டியாலாவிலும் மேற்காசிய விளையாட்டு விழா என ஒன்று நடந்தது. இந்தியா, ஆப்கானிஸ்தானம், பாலஸ்தீனம் ஆகியவற்றோடு நம் இலங்கையும் அதிற் கலந்து கொண்டது. அடுத்த விழாவை 1938இல் தெல் அவீவ் நகரில் நடத்த எண்ணியிருந்தனர், அது கைகூடவில்லை. இவ்விழாவுக்கு உயிராயிருந்தவர் குரு தத் சோந்தி. 1890இல் ஜலந்தரிற் பிறந்து, கேம்பிரிட்ஜிற் கற்று, இலாகூர் அரசினர் கல்லூரியிலே பொருளியல் போதித்துப் பின் அதன் அதிபராகவும் விளங்கியவர். 1932 முதல் சர்வதேச ஒலிம்பிக் குழுவின் உறுப்பினராகவும் இருந்தார். கல்லூரி ஆசிரியர் ஒருவர் ஆசியாவின் விளையாட்டு வரலாற்றுக்கு மூலபுருடராயினார் என்பதை ஆசிரியர்களும் மாணவர்களும் படிக்கும் இவ்விதழிலே குறிப்பிடுதல் பொருத்தமாகும்.

இரண்டாம் உலகப் போர் ஓய்ந்து, ஆசிய நாடுகள் ஒவ்வொன்றாக விடுதலை பெற்று வந்த காலம். 1947ஆம் ஆண்டு தில்லியிலே ஆசிய உறவு மகாநாடு கூடியது. அதன் எழுச்சியைக் கண்ட சோந்தி, ஆசியாவுக்கெனத் தனி விளையாட்டு விழா ஒன்று வேண்டும் என்னும் தம் பழைய கனவை மீண்டும் கையிலெடுத்தார். மறு ஆண்டு இலண்டன் ஒலிம்பிக் விழாவுக்கு வந்திருந்த ஆசிய நாட்டுப் பிரதிநிதிகளை ஒருங்கழைத்துப் பேசினார். இலங்கை முதன்முதலாகப் பங்குபற்றிய ஒலிம்பிக் விழாவும் அதுவே. டங்கன் வைற் 400 மீற்றர் தடை ஓட்டத்திலே வெள்ளிப் பதக்கம் பெற்றதும் அங்கேதான்.

1949ஆம் ஆண்டு பெப்ரவரி 13ஆம் திகதி தில்லிப் பட்டியாலா மாளிகையிலே ஆசிய விளையாட்டுச் சம்மேளனம் பிறந்தது. ஆப்கானிஸ்தானம், பர்மா, இந்தியா, பாகிஸ்தான், பிலிப்பைன்ஸ் என்னும் ஐந்து நாடுகள் அதன் சாசனத்தில் முதற்கண் ஒப்பமிட்டன. இலங்கை, இந்தோனேசியா, நேபாளம், சீயம் ஆகியவற்றின் பிரதிநிதிகளும் அக்கூட்டத்தில் இருந்தனர். பர்மாவும் இலங்கையும் விடுதலை பெற்று ஓராண்டு சென்றிருந்த வேளை அது. இந்தோனேசியாவோ ஒல்லாந்தரோடு இன்னும் பொருது கொண்டிருந்தது. பட்டியாலா மகாராசா யாதவீந்திர சிங் தலைவராகவும், பிலிப்பைன்ஸ் நாட்டு ஜோர்ஜ் வார்காஸ் உபதலைவராகவும், சோந்தி செயலாளர் பொருளாளராகவும் தெரிவாயினர். எழும் கதிரவன் சம்மேளனத்தின் சின்னமாயிற்று. என்றும் முன்னோக்கிச் செல்க என்னும் பொருள்படும் இலட்சிய வாக்கியத்தை அளித்தவரும் சோந்தியே.

முதல் விழாவைத் தில்லியில் 1950இல் நடத்துவதெனத் தீர்மானித்தனர். குறித்த ஆண்டில் விழா நடைபெறவில்லை. ஆயத்தங்கள் பிந்தின. பிரிவினையின் புண் ஆறாத நாடு அது; அகதிகளுக்கு உறையுள் தேடுவதா, ஓட்டப் பாதை அமைப்பதா என்ற வினா தில்லியில் எழுந்திருப்பின் அதனைக் குறை கூற இயலாது. அமைப்புக் குழுவின் இயக்குநர் பொறுப்பை அந்தனி டி மெல்லோ வகித்தார். இந்தியக் கிறிக்கெற் கட்டுப்பாட்டுச் சபையின் முதற் செயலாளராயிருந்து, பணம் திரட்டுவதிலும் மைதானம் அமைப்பதிலும் கைதேர்ந்தவர் அவர். பவநகர் மகாராசாவின் நன்கொடையால் 1933இற் கட்டப்பெற்ற இர்வின் அரங்கு செப்பனிடப்பட்டுத் தேசிய அரங்கு எனப் பெயர் மாற்றம் பெற்றது. 1951ஆம் ஆண்டு மார்ச் 4ஆம் திகதி குடியரசுத் தலைவர் இராசேந்திர பிரசாத் விழாவைத் தொடக்கி வைத்தார். செங்கோட்டையிலே ஞாயிற்றின் கதிர்களைக் குவித்து மூட்டிய தீபத்தை, 1924ஆம் ஆண்டு ஒலிம்பிக்கில் பங்குபற்றிய பிரிகேடியர் தலிப் சிங் அரங்கினுள் ஏந்தி வந்தார். 11 நாடுகளிலிருந்து 489 வீரர் வந்திருந்தனர். மெய்வல்லுநர் போட்டி, நீர் விளையாட்டு, உதைபந்தாட்டம், கூடைப்பந்தாட்டம், சைக்கிளோட்டம், பாரந்தூக்கல் என விளையாட்டுகள் ஆறே. விழா 11ஆம் திகதி நிறைவெய்தியது.

இவ்விழாவிலே அழைப்பு என்னும் விடயத்தை நோக்குவாம். 1948இல் இலண்டன் ஒலிம்பிக் விழாவுக்கு யப்பான் அழைக்கப்படவில்லை. 1951இல் அது அமெரிக்கப் படையின் ஆட்சிக்குட்பட்டே இருந்தது. சமாதான உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது 1952 ஏப்பிரலிலேதான். யப்பானியப் படையின் கொடுமையைத் தம் உடம்பிலே அநுபவித்த பர்மியரும் பிலிப்பைன்ஸ் மக்களும் சிங்கப்பூர் மக்களும் அங்கிருக்க, யப்பானிய வீரர் தில்லி அரங்கிலே அணிவகுத்து வந்தனர். அதிகமான பதக்கங்களை வென்றவரும் அவரே. பழைய பகையை வாயிலிலே நிறுத்தி வீரனை மட்டும் உள்ளே விடலாம் என்பதற்குத் தில்லி ஒரு சான்று ஆயிற்று. மறுபுறத்தில், சாசனத்தில் ஒப்பமிட்ட ஐவருள் ஒருவராகிய பாகிஸ்தான் வரவில்லை. அழைப்பு இருந்தும் வாராதாரும், வருவாரா என்று பலர் ஐயுற்றிருக்க வந்தாரும் முதல் விழாவிலேயே காணப்பட்டனர்.

1954இல் மணிலாவில் நடந்த விழாவைப் பற்றி ஈண்டு விரித்தல் வேண்டா. 1958 மே மாதம் டோக்கியோவில் நடந்த மூன்றாவது விழா மட்டும் ஒரு குறிப்பைப் பெறல் வேண்டும். யப்பானியர் அவ்விழாவைத் தம் ஒலிம்பிக் கனவுக்கு ஒத்திகையாகக் கொண்டனர். விழாவை ஒட்டிச் சர்வதேச ஒலிம்பிக் குழுவின் கூட்டத்தையும் டோக்கியோவிலேயே கூட்டி, புதிதாய்க் கட்டிய தேசிய அரங்கையும் தம் ஒழுங்கையும் உறுப்பினர் கண்ணாரக் காணச் செய்தனர். மறு ஆண்டே 1964ஆம் ஆண்டு ஒலிம்பிக் விழா அவர்க்குக் கிடைத்தது. உபயத்தைச் செம்மையாகச் செய்தவனுக்குப் பெரிய உபயம் தேடி வரும் போலும். அவ்வரங்கிலேதான் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி தந்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 2.03 மீற்றர் உயரம் பாய்ந்து, ஆசிய விழாவிலே இலங்கைக்கு முதலாவது பொற்பதக்கத்தை ஈட்டினார்.

அடுத்த விழாவை நடத்தும் உரிமை ஜகார்த்தாவுக்குக் கிடைத்தது. சனாதிபதி சுகர்ணோ பொறியியல் கற்றவர். கட்டிடங்களிலே காதல் மிக்கவர். சோவியத் நாட்டுக் கடனைக் கொண்டு செனாயன் பகுதியிலே ஏறக்குறைய ஓரிலட்சம் பேர் அமரத்தக்க அரங்கு எழுந்தது. அங்கே வாழ்ந்த பழங்குடிகள் தெபெத் என்னும் பகுதிக்குப் பெயர்க்கப்பட்டனர். யப்பான் செலுத்திய போர் நட்டஈட்டுப் பணத்திலே இந்தோனேசியா ஹோட்டல் கட்டப்பட்டது. புதிய வீதிகள், சந்திகள், வரவேற்புத் தூண் யாவும் தோன்றின. நாட்டின் தொலைக்காட்சி நிலையமும் இவ்விழாவை ஒளிபரப்பும் பொருட்டே தொடங்கப்பட்டது. ஒரு விழாவின் பொருட்டு ஒரு தலைநகரம் புதிதாய்ச் சமைக்கப்பட்டது எனல் மிகையாகாது. அமைப்புக் குழு என்பது இங்கே விளையாட்டு ஆர்வலர் சிலர் கூடிய சங்கமாக நில்லாது அரசின் மற்றொரு கரமாகவே மாறிற்று.

சம்மேளனத்தின் சாசனப்படி அதன் உறுப்பு நாடுகள் அனைத்தையும் அழைத்தல் வேண்டும். தைவானும் இஸ்ரவேலும் உறுப்பு நாடுகள். இந்தோனேசியாவோ பீக்கிங் அரசோடும் அரபு நாடுகளோடும் நட்புப் பூண்டிருந்தது. அவ்விரு நாடுகளோடும் அதற்கு இராசதந்திர உறவு இல்லை. வெளிப்படையாக மறுப்புச் சொல்லாமல், வீரர் நாட்டினுள் புகுவதற்கு வேண்டிய அடையாள அட்டைகள் வழங்கப்படாது விடப்பட்டன. தைவானுக்கு அட்டைகளுக்குப் பதிலாக வெற்றுத் தாள்களே அனுப்பப்பட்டன எனக் கூறப்பட்டது. பரிபாலன சபையின் விதியை மறுக்காமலே உபயகாரர் வாயிற் கதவைச் சாத்திய செயல் இது.

இக்காலத்தில் சம்மேளனத்தின் தலைவராயிருந்தவர் யோக்யகர்த்தா சுல்தான் ஒன்பதாம் ஹமெங்குபுவனர். அடுத்த விழாவை நடத்தும் நாட்டினரே சம்மேளனத் தலைமையையும் ஏற்பது வழக்கமாயிருந்தது. அவ்வழக்கம் சாதாரண நாட்களில் வசதியானது. பிணக்கு எழுந்த நாளில் அதுவே ஏதமாயிற்று. விதியைக் காக்க வேண்டியவரும் விதியை மீறிய அரசின் குடிமகனும் ஒருவரே ஆனால், முறையீடு யாரிடம் செய்வது? என் கருத்தில் ஜகார்த்தாக் குழப்பத்தின் வேர் சுகர்ணோவின் அரசியலில் மாத்திரம் இல்லை. 1949இல் சாசனம் வரைந்தோர் இவ்வோட்டையைக் காணாது விட்டமையிலும் உண்டு. நட்பின் வெம்மையிலே எழுதப்படும் சாசனங்களில் பகைக்கு வழி வகுத்து வைப்பார் அரியர்.

1962 ஆகஸ்ட் 24ஆம் திகதி விழா தொடங்கியது. முறையீடு செய்ய எழுந்தவர் முதிய சோந்தியே. உறுப்பினர் சிலரை விலக்கி நடத்தும் விழாவுக்கு ஆசிய விழா என்னும் பெயர் பொருந்தாது; வேறு பெயர் சூட்டி நடத்துக என்பது அவர் வாதம். சர்வதேசப் பாரந்தூக்கற் சம்மேளனம் தன் இசைவை மறுக்க, அப்போட்டியே விழாவினின்றும் நீக்கப்பட்டது. மெய்வல்லுநர் போட்டியின் சர்வதேசச் சம்மேளனமும் எச்சரிக்கை விடுத்தது. பல ஆண்டு பயிற்சி செய்து வந்த வீரர், தம் வெற்றி கணக்கில் எடுக்கப்படுமோ எடுக்கப்படாதோ என அறியாமலே களமிறங்க வேண்டியதாயிற்று. அத்தகைய விழாவிலேதான் எதிர்வீரசிங்கம் வெள்ளிப் பதக்கம் பெற்றார்.

செப்ரெம்பர் 3ஆம் திகதி ஆர்ப்பாட்டக்காரர் இந்தியத் தூதுவராலயத்தைத் தாக்கினர். சோந்தி தங்கியிருந்த ஹோட்டலையும் தேடி வந்தனர். அவர் நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. மறுநாள் உதைபந்தாட்ட இறுதிப் போட்டி. இந்தியாவும் தென் கொரியாவும் மோதின. நிரம்பி வழிந்த அரங்கு இந்திய அணியைக் கண்டு கூச்சலிட்டது. அதன் தேசிய கீதத்துக்கும் அமைதி காக்கவில்லை. பயிற்சியாளர் ரகீமின் மாணாக்கர் 2–1 என வென்றனர். பிரதீப் குமார் பானர்ஜியும் ஜர்னைல் சிங்கும் கோல் அடித்தனர். முறையீடு செய்தவர் ஒருவர். அதன் சினத்தைத் தாங்கியவர் அதற்குச் சிறிதும் பொறுப்பில்லாத பதினொருவர்.

இவ்வழக்கில் நீதி எப்பக்கம் என வினவின், எளிதில் விடை கூறல் அரிது. குடியேற்ற நாட்டு ஆட்சியாளர் எழுதிய விதிகளை விடுதலை பெற்ற நாடுகள் ஏன் அப்படியே ஏற்றல் வேண்டும் என்ற சுகர்ணோவின் வாதத்திலே, 1955ஆம் ஆண்டுப் பாண்டுங் மகாநாட்டின் எதிரொலி உண்டு. அதனை இகழ்ந்து தள்ளலாகாது. ஆயினும் ஆசியச் சம்மேளனத்தின் விதிகளை எழுதியவர் குடியேற்ற ஆட்சியாளர் அல்லர். தில்லியிலே கூடிய ஆசியரே. இந்தோனேசியா அவ்விதிகளை ஏற்றே விழாவைக் கேட்டுப் பெற்றது. உபயம் பெறுமுன் விதியை மறுப்பது வீரம். பெற்றபின் மறைவாக மீறுவது வேறு. சோந்தியின் வாதம் சட்டத்திற் பழுதற்றது. அவ்வாதத்தை விழா நடக்கும்போது, பல்லாயிரவர் உணர்ச்சி பொங்கி நின்ற நகரிலே, தாமே தனித்து நின்று எழுப்பியது விவேகமோ என்பதில் எனக்கு ஐயமுண்டு.

1963 பெப்ரவரியிலே சர்வதேச ஒலிம்பிக் குழு இந்தோனேசியாவை விலக்கி வைத்தது. சுகர்ணோ அதற்கு விடையாகப் புதிதாய் எழுச்சியுறும் நாடுகளின் விளையாட்டு விழா என ஒன்றை அவ்வாண்டு நவம்பரில் அதே அரங்கிலே நடத்தினார். ஏறக்குறைய ஐம்பது நாடுகள் வந்தன. 1967இல் கெய்ரோவில் நடத்த எண்ணிய இரண்டாவது விழா நடைபெறவேயில்லை. சோந்தி 1966இல் மறைந்தார். அவ்வாண்டுப் பாங்கொக் ஆசிய விழாவிலே இந்தோனேசியாவும் தைவானும் இஸ்ரவேலும் ஒரே அரங்கில் நின்றன.

பாங்கொக் நகருக்கு ஆசியா பெரிதும் கடன்பட்டது. 1970ஆம் ஆண்டு விழாவைச் சியோல் கைவிட்டபோதும், 1978ஆம் ஆண்டு விழாவைப் பாகிஸ்தான் கைவிட்டபோதும், உபயகாரர் இல்லாத திருவிழாவை ஏற்று நடத்தியது அந்நகரே.

1982இல் விழா தில்லிக்கு மீண்டது. பூட்டா சிங் தலைமையில் அமைந்த குழுவுக்கு அரசின் முழுப் பலமும் இருந்தது. பாலங்களும் அரங்குகளும் விரைந்து எழுந்தன. அவற்றைக் கட்டிய தொழிலாளர்க்குக் குறைந்தபட்சக் கூலிதானும் முழுமையாகக் கிட்டவில்லை என்ற முறையீடு இந்திய உயர் நீதிமன்றத்தின் முன் வந்தது. விதித்த கூலியிற் குறைத்துக் கொடுத்து வேலை வாங்குவது அரசியலமைப்பு தடுத்துள்ள கட்டாய ஊழியமேயாகும் என அம்மன்று அவ்வாண்டு செப்ரெம்பரிலே, விழாவுக்கு முன்னரே, தீர்ப்பளித்தது. பிற்கால வழக்குகள் பலவற்றுக்கு ஆதாரமாய் அமைந்த தீர்ப்பு அது. விளையாட்டு விழா ஒன்று உலகுக்கு விட்டுச் சென்றவற்றுள் இதனினும் பயனுடையது வேறுளதோ என நான் எண்ணியதுண்டு.

அவ்விழாவின் போதே பழைய சம்மேளனம் மறைந்து, ஆசிய ஒலிம்பிக் மன்றம் குவைத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தோன்றியது. 1974இல் தெஹ்ரான் விழாவிற் கலந்து கொண்ட இஸ்ரவேல் இப்புதிய மன்றத்திற் சேர்க்கப்படவில்லை. ஜகார்த்தாவில் எழுந்த வினாவுக்கு இவ்வாறு ஒரு விடை காணப்பட்டது: உபயகாரர் சாத்திய கதவைப் பின்னர்ப் பரிபாலன சபையே சாத்தியது. சாசனம் மீறப்படவில்லை, சாசனமே மாறிற்று.

இலங்கை ஆசிய விழாவை இதுவரை நடத்தியதில்லை. 2018ஆம் ஆண்டுப் பொதுநலவாய விழாவை அம்பாந்தோட்டைக்குக் கேட்டு, 2011 நவம்பர் 11ஆம் திகதி நடந்த வாக்கெடுப்பில் 43க்கு 27 என அவுஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்ட் நகரிடம் தோற்றது. தெற்காசிய விழாவையோ கொழும்பு 1991 டிசெம்பரிலும் 2006 ஆகஸ்டிலும் நடத்தியுள்ளது. கொட்டாஞ்சேனைக்கு அண்மையில், முன்னாள் மேயர் சுகததாசவின் பெயர் தாங்கிய அரங்கே இரு விழாக்களுக்கும் நடுநாயகமாயிருந்தது. இரண்டும் போர்க்காலத்து விழாக்கள். 2006இல் கொழும்புக் குண்டுவெடிப்பை அடுத்துத் தென்னாபிரிக்கக் கிறிக்கெற் அணி ஆட்டத்தைக் கைவிட்டுத் திரும்பிய அதே வாரத்தில், எட்டு நாட்டு வீரர் பலத்த காவலுக்கிடையே அரங்கினுள் அணிவகுத்தனர். அழைக்கப்பட்ட நாடு எதற்கும் வாயில் அடைக்கப்படவில்லை. அவ்வகையில் அமைப்புக் குழு தன் கடமையைச் செய்தது. விழா தொடங்கியது ஆகஸ்ட் 18ஆம் திகதி. எதிர்வீரசிங்கத்தைத் தந்த யாழ்ப்பாணத்துக்குச் செல்லும் ஏ-9 வீதி அதற்கு ஏழு நாள் முன்னர், 11ஆம் திகதி, மூடப்பட்டது.